மூன்று மஞ்சள் ஒயர்: கண்டிகோட்டை போகும் வழியில் செம்மரக் காட்டில் படுத்த வண்டி

கொருக்குப்பேட்டைக்காரன்

இங்கே ரொம்ப நாளாகப் படிக்க மட்டுமே வருபவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. இந்த மாட்டுப்பொங்கல் அன்று மதியம் கிளம்பி, ஆந்திராவில் கடப்பாவைத் தாண்டி இருக்கும் கண்டிகோட்டை போய் வந்தோம். கோட்டைப் படம் பார்க்க வந்தவர்கள் மன்னிக்கவும், பாதிக்கு மேல் ஒயரிங் கதைதான்.

வண்டி எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், தப்பு வண்டி மேல் இல்லை, என் மேல். 2021 மாடல், ஒற்றை சிலிண்டர், எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் கரண்ட் பம்ப் பெட்ரோல் தள்ளும் ரகம்), உயரமான அட்வென்சர் வண்டி. இரண்டு பக்கமும் பெட்டி, கிராஷ் கார்டு, ஹேண்ட் கார்டு, நாற்பது வாட் ஃபாக் லேம்ப் இரண்டு, போன் சார்ஜர் என்று வாங்கி மாட்டாத சாமான் இல்லை. தெருவில் சின்னப் பசங்க "அண்ணா, லடாக்கா?" என்று கேட்பார்கள், நானும் இல்லை என்று சொன்னதில்லை. கூட வந்தது என் மச்சான், அவன் அப்பா ஓட்டிய 100 சிசி வண்டியில். கார்புரேட்டர், கிக்கர், பக்கக் கண்ணாடி ஒன்றுதான். "இதிலா கண்டிகோட்டைக்கு வரப்போற?" என்று நான் சிரித்தேன். அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

வழி: மாதவரம், ரெட்ஹில்ஸ், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. அதைத் தாண்டியதும் சுருட்டப்பள்ளி, சிவன் படுத்திருக்கும் கோயில், கும்பிட்டுவிட்டுப் போனோம். நாகலாபுரம், பிச்சாட்டூர், புத்தூர், ரேணிகுண்டா. அங்கேயே மணி ஐந்தரை ஆகிவிட்டது, ஏனென்றால் வீட்டில் படையல் முடித்து, சாப்பிட்டு, கிளம்பியதே ஒன்றரை மணி. ரேணிகுண்டா தாண்டினால் மாமண்டூர் (மதுராந்தகம் பக்கத்து மாமண்டூர் இல்லை), அப்புறம் பாலப்பள்ளி. அங்கிருந்து கோடூர் வரை பெரும்பாலும் காடு. சேஷாசலம் மலை, செம்மரக் காடு. இருட்டியதும் ஃபாக் லேம்ப் இரண்டையும் போட்டேன், ரோடு பகல் மாதிரி இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பத்து நிமிஷத்தில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தால் ஜலதோஷம் பிடித்த மாதிரி சத்தம். பிரேக் பிடித்தால் டயல் அணைந்து மறுபடி வந்தது, கடிகாரம் 12:00 காட்டியது. அப்புறம் இரண்டு முறை இருமிவிட்டு வண்டி ஆஃப். ஸ்டார்ட்டரை அழுத்தினால் டிக் டிக் டிக். கொஞ்ச நேரத்தில் அந்த டிக்கும் இல்லை.

இருட்டு எப்படி என்றால், மச்சான் பக்கத்தில் நின்று பேசுகிறான், முகம் தெரியவில்லை. தமிழ்நாட்டு நம்பர் போட்ட இரண்டு வண்டி, இரண்டு பெட்டி, இரண்டு ஆண்கள், அந்தக் காடு. 2015 ஏப்ரலில் இதே சேஷாசலக் காட்டில் நம் ஊர்க்காரர்கள் 20 பேர், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று, சுட்டுக் கொல்லப்பட்டது இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்தது, இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்புறம் மச்சான்தான் "மாமா, ஏறி உட்காரு, நான் தள்றேன்" என்றான்.

மீதி ராத்திரி எழுதுகிறேன், டூட்டிக்கு நேரம் ஆகிவிட்டது.

மூணாவது கியர்

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு டூட்டிக்குப் போகிறவனை என்ன சொல்வது. பேட்டரி போயிருக்கும், பழைய பேட்டரிதானே?

பழைய கார்புரேட்டர்

ஃபாக் லேம்ப். படிக்கும்போதே தெரிந்துவிட்டது. எண்பது வாட் கூடுதலாக மாட்டிவிட்டு மேக்னட் காயில் (என்ஜின் சுற்றும்போது கரண்ட் தருகிற சுருள்) தாங்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது, அது ஒரு பக்கம் தின்னும். ஃப்யூயல் பம்ப், ஈசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), ஏபிஎஸ் எல்லாம் ஒரு பக்கம். என் வண்டியில் பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே மகாபலிபுரம் போய் வருவேன்.

பெரம்பூர் சக்கரம்

பேட்டரி இல்லாமல் ஓட்டினால் உங்கள் பல்பெல்லாம் எரிந்துபோகுமே அண்ணா. அப்புறம் ஹாரன்?

பழைய கார்புரேட்டர்

எனக்குத் தொண்டை இருக்கிறது தங்கச்சி.

கொருக்குப்பேட்டைக்காரன்

வந்துவிட்டேன்.

தள்ளுவது என்றால் இறங்கித் தள்ளுவதில்லை, நம் ஊரில் தினமும் பார்க்கிற வழிதான். பின்வண்டிக்காரன் இடது காலை நீட்டி, முன்வண்டியின் பின் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து அழுத்திக்கொண்டே ஓட்டுவது. பெட்ரோல் தீர்ந்த வண்டியை பங்க்வரை கொண்டுபோக வைத்தியநாதன் பாலத்தில் செய்வார்கள். எண்பது கிலோ ஆளையும் கிட்டத்தட்ட இருநூறு கிலோ வண்டியையும் 100 சிசி வண்டி தள்ளிக்கொண்டு காட்டுக்குள் போனதை நான் கேள்விப்பட்டதில்லை. என் வண்டியில் ஒரு விளக்கும் இல்லை. அவன் ஹெட்லைட் என் பெட்டிகளில் பட்டு, ரோட்டில் என் நிழல்தான் முன்னால் போனது, அந்த நிழலுக்குள் பள்ளம் இருந்தால் தெரியாது. போன் டார்ச்சை கிராஷ் கார்டில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். ஏற்றம் வந்தால் இறங்கி உருட்டல். பக்கெட் கணக்கில் வியர்வை, ஜனவரி மாதம்.

நடுவில் ஒரு ஜீப் நிறுத்தியது. இறங்கியவர்கள் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஒன்றில் துணி, இன்னொன்றில் மாமியார் கட்டிக்கொடுத்த சர்க்கரைப் பொங்கலும் கரும்புத் துண்டுகளும். கரும்பைப் பார்த்ததும் ஒருவர் சிரித்துவிட்டார். மச்சானுக்கு அவன் பாட்டி பேசிய மெட்ராஸ் தெலுங்கு கொஞ்சம் வரும், அதில் ஏதோ சொன்னான். லைசன்ஸ், ஆர்சி பார்த்துவிட்டு, செட்டிகுண்டாவில் நிற்காதீர்கள், கோடூர் போய்விடுங்கள் என்று அனுப்பினார்கள். கொஞ்ச தூரம் பின்னால் லைட் போட்டுக்கொண்டே வந்தார்கள், காவலுக்கா சந்தேகத்துக்கா என்று இன்றுவரை தெரியாது.

கோடூர் சேர்ந்தபோது ஒன்பது மணி. அங்கே மாட்டுப்பொங்கலுக்குக் கனுமா. ஒரு மெக்கானிக் கடை திறந்திருக்கவில்லை. வாழைக்காய் மண்டி வாட்ச்மேன்தான், கரண்ட் ரிப்பேர் என்றால் இவர்தான் என்று ஒரு பெரியவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் பைக் மெக்கானிக் இல்லை. பம்ப்செட் மோட்டார் ரீவைண்டிங் செய்பவர். எங்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது: "கனுமா அன்று காக்காகூட ஊரைவிட்டுக் கிளம்பாது, நீங்கள் ஏன் கிளம்பினீர்கள்?" அது அவர்கள் ஊர்ப் பழமொழியாம். அன்று உளுந்து சாப்பிட வேண்டும் என்றும் ஒன்று உண்டு, அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஆறு காரெலு, அதாவது நம் மெதுவடை, நாட்டுக்கோழிக் குழம்போடு.

பேட்டரியைக் கழற்றி அவர் பட்டறை சார்ஜரில் ஒரு ஆம்பியரில் போட்டோம். 8 ஏஹெச் (ஆம்பியர் மணி) பேட்டரி, காலைவரை ஏறட்டும் என்றார். நாங்கள் மண்டியில் வைக்கோல் மேல் படுத்தோம். பச்சை வாழைத்தாரின் வாசனை, கொசு, ராத்திரி முழுக்க லாரி.

காலையில் பேட்டரியை மாட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. நான் "சரி, கிளம்பலாம்" என்றேன். அவர் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து, ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொன்னார். நன்றாக இருக்கிற வண்டியில் 14 வோல்ட் பக்கம் ஏற வேண்டும். இதில் 12.3. எவ்வளவு முறுக்கினாலும் அசையவில்லை. இப்படியே போனால் கடப்பாவில் மறுபடி தள்ளுவீர்கள் என்றார்.

சீட்டைக் கழற்றி, மேக்னட்டிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது ரெக்டிஃபையருக்கு, அதாவது அந்தக் கரண்டை பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிற பெட்டிக்கு, போகிற இடத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கப்ளர், ஒயர்களை இணைக்கும் பிளக். வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது. ஒரு மூலை தீய்ந்த அப்பளம் மாதிரி பழுப்பாக உப்பியிருந்தது. பிரித்தால் மூன்று பின்னில் ஒன்று கறுத்து அப்படியே பிளாஸ்டிக்குக்குள் உருகி ஒட்டியிருந்தது. மற்ற இரண்டிலும் பச்சையாகக் களிம்பு.

"இந்த வண்டி தண்ணீரில் முங்கியதா?" என்றார்.

முங்கியது. 2023 டிசம்பர், மிக்ஜாம். கேப்டன் காட்டன் கால்வாய் பொங்கி எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், வண்டி சீட் வரைக்கும் இரண்டு நாள். வடிந்ததும் என்ஜின் ஆயில் இரண்டு முறை மாற்றினேன், ஏர் ஃபில்டர், செயின், பிரேக் எல்லாம் பார்த்தேன். கப்ளரைப் பிரித்துப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வாங்கியதுதான் ஃபாக் லேம்ப்.

ஸ்பேனர் 10-12

ஓட்டேரியில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறேன், இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலே ஃபாக் லேம்ப் என்று ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

மேக்னட் காயிலில் மூன்று ஒயர், மூன்று ஃபேஸ். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே, இரண்டுக்கும் மூன்றுக்கும், மூன்றுக்கும் ஒன்றுக்கும் என மூன்று ஜோடி. ஒரு ஒயர் அறுந்தால் ஒரு பங்கு போகும் என்று நினைப்பீர்கள். இல்லை, மிஞ்சுவது ஒரே ஜோடி. பகலில், சின்ன சுமையில், அந்த ஒரு ஜோடி சமாளித்துக்கொண்டு போகும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இரவில் எண்பது வாட் கூடுதலாக ஏற்றினால் பாக்கியை பேட்டரியிலிருந்துதான் எடுக்கும். லேம்ப் இல்லாவிட்டாலும் படுத்திருக்கும், ஒரு வாரம் தள்ளிப் படுத்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கப்ளர் ஏன் உருகியது? பின்னில் களிம்பு ஏறினால் அந்த இடத்தில் தடை கூடும், தடை இருக்கிற இடத்தில் கரண்ட் போனால் சூடு, சூட்டில் பின் தளரும், தளர்ந்தால் தடை இன்னும் கூடும். வருஷக்கணக்கில் மெதுவாக நடந்து கடைசி ஒரு வாரத்தில் வேகம் பிடிக்கும். வெள்ளத் தண்ணீர் மட்டும் காரணம் இல்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் காற்றில் நிற்கிற வண்டி எதுவாக இருந்தாலும் ஒயரிங்கில் பச்சை பூக்கும். மேற்கு மாம்பலத்து வண்டியையும் திருவொற்றியூர் வண்டியையும் கண்ணை மூடிக்கொண்டு கப்ளரை முகர்ந்தே சொல்லிவிடுவேன்.

அந்தக் கோடூர் பெரியவர் காயிலை எப்படி சோதித்தார் என்று சொல்லுங்கள் தம்பி. நம் ஆட்கள் உடனே காயில் மாற்று என்று பில் போட்டிருப்பார்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன்

அதைத்தான் எழுத வந்தேன் அண்ணே. கப்ளரைப் பிரித்துவிட்டு, என்ஜின் ஓடும்போதே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று ஜோடியும் தனித்தனியாக அளந்தார். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. அப்புறம் ஒவ்வொரு ஒயரிலிருந்தும் என்ஜின் பாடிக்குத் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. "காயில் பரிசுத்தம்" என்றார், அதே வார்த்தை.

அப்புறம் கப்ளரையே வெட்டிக் கீழே போட்டார். எனக்கு உயிர் போய்விட்டது. எந்த ஒயர் எதற்கு என்று போட்டோகூட எடுக்கவில்லை, மூன்றும் மஞ்சள். பதறினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருபது வருஷ சர்வீஸ் இருந்தது. மூன்று ஃபேஸ், எதை எதோடு சேர்த்தாலும் ஒன்றுதான், இது என்ன பம்ப்பா, திருப்பிப் போட்டால் தலைகீழாகச் சுற்ற, என்றார். செம்பு தெரியச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்லீவ் ஏற்றி, மேலே மோட்டார் வைண்டிங்குக்குக் கட்டுகிற வெள்ளை காட்டன் டேப்பை சுற்றி, நூலால் முடிச்சுப் போட்டு, அதன் மேல் பிரஷ்ஷால் வார்னிஷ் அடித்தார். பத்து நிமிஷம் வெயிலில் காய வைத்தார். இப்போதும் சீட்டைத் திறந்தால் அந்த வார்னிஷ் வாசனை வருகிறது.

மறுபடி மீட்டர்: 14.1. ஃபாக் லேம்ப் இரண்டும் போட்டால் 13.6.

மூணாவது கியர்

மூன்று ஒயரையும் மாற்றி மாற்றிப் போடலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. இத்தனை நாள் குறித்து வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஸ்பேனர் 10-12

மஞ்சள் மூன்றுக்கும் மட்டும்தான். ரெக்டிஃபையரிலிருந்து பேட்டரிக்குப் போகிற சிவப்பு, கறுப்பில் இந்த விளையாட்டு வேண்டாம். அதை மாற்றிப் போட்டுவிட்டு என்னிடம் வந்தால் கண்டிப்பாக பில் போடுவேன்.

பெரம்பூர் சக்கரம்

எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். விளக்கே இல்லாத வண்டியைக் காட்டு ரோட்டில், லாரி ஓடுகிற ரோட்டில், பின்னால் ஒருவன் காலால் தள்ளிக்கொண்டு வருவது வீரம் இல்லை. பின்னால் வந்த லாரிக்காரனுக்கு ஒரு டெயில் லைட்தான் தெரியும், முன்னால் இன்னொரு வண்டி இருப்பது தெரியாது. நான் போன வருஷம் பழவேற்காடு ரோட்டில் கிளட்ச் கேபிள் அறுந்து நின்றபோது, ஒரு அண்ணன் இதே மாதிரி தள்ளிவிடுகிறேன் என்று வந்தார், வேண்டாம் என்று சொல்லி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ஓடி உருட்டி முதல் கியரில் தட்டி, பொன்னேரி வரைக்கும் கிளட்ச் இல்லாமலே வந்தேன். ஆக்சிலேட்டரை ஒரு நொடி விட்டால் கியர் தானாக விழும். நிற்கத்தான் முடியாது, மாடு குறுக்கே வந்தால் கதை முடிந்தது. இப்போது புது கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு சேர்த்தே டேப் போட்டு ஓட விட்டிருக்கிறேன், அறுந்தால் இரண்டு முனையை மாற்றி மாட்டினால் போதும்.

கொருக்குப்பேட்டைக்காரன்

கோபம் நியாயம்தான். அந்த நேரத்தில் காட்டில் நிற்கிற பயம் லாரி பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. வீட்டில் இதைச் சொல்லவில்லை, மச்சான் சொல்லிவிட்டான், அது தனிக் கதை.

தெலுங்கு தெரிஞ்சவன்

கேள்வி ஒன்று. மச்சான் வண்டியிலும் 12 வோல்ட் பேட்டரிதானே, அதிலிருந்து இரண்டு ஒயர் இழுத்திருக்கலாமே? அல்லது ஃபாக் லேம்ப்பை அணைத்துவிட்டு அரை மணி நேரம் விட்டிருந்தால் பேட்டரி கொஞ்சம் மீண்டிருக்கும்.

பழைய கார்புரேட்டர்

100 சிசி கிக்கர் வண்டி பேட்டரி மூணு ஏஹெச்கூட இருக்காது. அதை வைத்து இந்த யானையின் ஸ்டார்ட்டரைச் சுற்றினால் இரண்டு வண்டியும் படுக்கும். பம்ப்பை மட்டும் ஓட வைத்து உருட்டி ஸ்டார்ட் செய்திருக்கலாம், அதற்கும் ஒயர் வேண்டுமே. பெட்டியில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது, நாலடி ஒயர் இல்லை. ஃபாக் லேம்ப் விஷயத்தில் ஸ்பேனர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். எஃப்ஐ வண்டியில் பேட்டரி முழுதாக இறந்தால் உருட்டியும் பயன் இல்லை, பம்ப் பெட்ரோல் தள்ளாது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி புல்லட் கட்டிய திருவொற்றியூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கிக்கர் இல்லாத வண்டி வாங்குகிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

மூணாவது கியர்

அண்ணே, இப்போது வருகிற புல்லட்டிலும் கிக்கர் இல்லை.

எண்ணூர் காத்து

கதையைப் படித்துவிட்டு நேற்று என் வண்டியின் கப்ளரைப் பிரித்தேன். பச்சை. தம்பி ஸ்கூட்டரையும் பிரித்தேன், அதைவிடப் பச்சை. நாங்கள் இருப்பது எர்ணாவூர், அதே மிக்ஜாமில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது, சுவரில் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. இப்போது என்ன போட்டுச் சுத்தம் செய்வது? டபிள்யூடி-40 அடிக்கலாமா?

ஸ்பேனர் 10-12

அது அழுக்கை எடுக்கும், காவல் இருக்காது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்ததும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் வைத்து மூடுங்கள். அது கிடைக்காவிட்டால் வாஸ்லின், வெயிலில் கொஞ்சம் உருகும், ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை. பின் கறுத்திருந்தால் சுத்தம் செய்து பயன் இல்லை, மாற்ற வேண்டும். தட்டிப் பார்க்காமல் இழுத்துப் பாருங்கள், லூசாக வந்தால் பின்னின் வாயை மூக்கு பிளேயரால் சின்னதாக இறுக்குங்கள்.

தெலுங்கு தெரிஞ்சவன்

கண்டிகோட்டையைப் பற்றி ஒரு வரி?

கொருக்குப்பேட்டைக்காரன்

கோடூரில் பதினொரு மணிக்குக் கிளம்பி, ராஜம்பேட்டை, ஒண்டிமிட்டா, கடப்பா, ஜம்மலமடுகு. போய்ச் சேர நாலரை. கோட்டைக்குள்ளே மாதவராய சாமி கோயில், மசூதி, தானியக் கிடங்கு எல்லாம் தாண்டிப் பாறை மேல் ஏறி நின்றால் கீழே பெண்ணாறு, இரண்டு பக்கமும் அடுக்கி வைத்த மாதிரி சிவப்புப் பாறை. வெயில் சாயும்போது நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மச்சான் மட்டும் ஒரு தடவை, "மாமா, என் வண்டி ஒரே கிக்" என்றான். திரும்பி வரும்வரை அதைப் பதினேழு தடவை சொன்னான். திரும்பும்போது அந்தக் காட்டைப் பகல் பதினொரு மணிக்குக் கடந்தோம். அழகான ரோடு.

கொருக்குப்பேட்டைக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புது கப்ளர் வாங்கி வைத்திருக்கிறேன், மாட்டவில்லை, வார்னிஷ் கட்டைப் பிரிக்க மனம் வரவில்லை. ஹேண்டிலில் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று போட்டேன், இப்போது ரோட்டைவிட அதைத்தான் பார்க்கிறேன், அது வேறு வியாதி. ஒரு ஃபாக் லேம்ப் கழற்றியாயிற்று.

உண்மையில் வந்தது வேறு சந்தேகத்துக்கு. அந்தப் பெரியவர் அன்று காசு வாங்கவில்லை. ஈயத்துக்கும் டேப்புக்குமாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார், காசிமேடு பக்கம் என்று மச்சான் சொன்னதும் முகம் மாறியது. அடுத்த தடவை வரும்போது நல்ல வஞ்சிரக் கருவாடு இரண்டு கிலோ கொண்டு வா, இங்கே கிடைப்பதெல்லாம் உப்புக் கட்டி என்றார். வருகிற ஞாயிறு போகிறோம். பெட்டி பிளாஸ்டிக், வெயில், ஐந்து மணி நேரம். வாசனை பெட்டியில் தங்காமல் எப்படிக் கொண்டுபோவது?

எண்ணூர் காத்து

தங்காமல் என்பது கிடையாது. பனை ஓலைப் பெட்டியில் வைத்து, செய்தித்தாள் நாலு சுற்று, அதன் மேல் பிளாஸ்டிக். வெறும் பிளாஸ்டிக்கில் கட்டினால் வியர்த்து நமுத்துப்போகும். அன்று காலை வெயிலில் ஒரு மணி நேரம் காட்டிவிட்டு எடுத்துக் கட்டுங்கள்.

பழைய கார்புரேட்டர்

உன் பெட்டியில் எதற்கு? ஒரே கிக் வண்டியின் கேரியரில் கட்டு. ஜீப் நிறுத்தினாலும் திறந்து பார்க்க மாட்டார்கள்.